சென்னையில் எந்த செயின் தியேட்டரில் படம் பார்ப்பது?

கேள்வி இதுதான். வேலைக்காகச் சென்னைக்குப் புதிதாக வந்து பெருங்குடியில் தங்கியிருக்கும் ஒருவர் கேட்கிறார்: "செயலியைத் திறந்தால் பிவிஆர், ஐநாக்ஸ், ஏஜிஎஸ், சினிபோலிஸ் என்று ஏகப்பட்ட பெயர் வருகிறது. டிக்கெட் விலையோ எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்புறம் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? தீபாவளிக்கு அம்மா அப்பா ஊரிலிருந்து வருகிறார்கள், அவர்களையும் கூட்டிப்போக வேண்டும்."

இருபது வருஷமாக இந்த ஊரில் வாரம் ஒரு படமாவது பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச காலம் ஆபரேட்டர் அறையில் உட்கார்ந்து டீ குடிக்கும் அளவுக்குப் பழக்கமும் இருந்தது. அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் விலை. எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பது தற்செயல் இல்லை. தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் வந்த ஆணைப்படி மல்டிபிளக்ஸில் அதிகபட்சம் 150 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி, உள்ளாட்சி கேளிக்கை வரி. எல்லாம் சேர்த்துத்தான் எங்கே போனாலும் 190 ரூபாயை ஒட்டி வந்து நிற்கிறது. ஐமேக்ஸ், சாய்வு நாற்காலி போட்ட அரங்குகள் கணக்கு வேறு. பெங்களூரில் இதே நிறுவனத்தின் அரங்கில், பெரிய நடிகர் படம், சனிக்கிழமை இரவு என்றால் 500 ரூபாயைத் தாண்டுவது சர்வசாதாரணம். அங்கே இருப்பவர்களிடம் நம்ம ஊர் விலையைச் சொன்னால் பெருமூச்சு விடுவார்கள். இங்கே இன்னொன்றும் உண்டு: திரைக்குப் பக்கத்தில் ஓரிரண்டு வரிசை 60 ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும். கழுத்துவலி அதோடு இலவசம். ஆனால் கல்லூரிப் பையன்களுக்கு அது பெரிய விஷயம், நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவன்தான்.

சரி, விலை ஒன்றுதான். அடுத்தது, நீங்கள் நினைப்பதுபோல இவை நான்கு தனித்தனிக் கடைகளும் இல்லை. டெல்லியில் பிரியா என்ற ஒற்றைத் தியேட்டரிலிருந்து கிளம்பிய நிறுவனம்தான் பிவிஆர். 1997-இல் சாகேத்தில் தன் முதல் மல்டிபிளக்ஸைத் திறந்தது. 2018-இல் நம்ம ஊர் சத்யம் சினிமாஸை நடத்திவந்த எஸ்பிஐ சினிமாஸ் நிறுவனத்தை (வங்கி இல்லை) அது வாங்கியது. அன்றைக்கு இந்த ஊரில் பலர் சொந்த வீட்டை விற்றதுபோல வருத்தப்பட்டார்கள், நானும்தான். 2023 பிப்ரவரியில் ஐநாக்ஸும் அதோடு சேர்ந்துவிட்டது. ஆகவே ராயப்பேட்டை சத்யம், எக்ஸ்பிரஸ் அவென்யூவில் எஸ்கேப், வடபழனி பலாஸோ, வேளச்சேரி லக்ஸ், திருவான்மியூர் தியாகராஜா, ஓஎம்ஆர் மெரினா மால் ஐநாக்ஸ் எல்லாமே இப்போது ஒரே முதலாளி. ஏஜிஎஸ் படத் தயாரிப்பிலும் இருக்கும் உள்ளூர் நிறுவனம், நாவலூர், தி.நகர், வில்லிவாக்கம் என்று சென்னைக்குள்ளேயே நிற்கிறது. சினிபோலிஸ் மெக்சிகோக்காரர்களுடையது, உங்களுக்குப் பக்கத்தில் துரைப்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செயின் பெயரை வைத்து பாப்கார்ன் எப்படி இருக்கும், கழிப்பறை எப்படி இருக்கும், கவுண்டரில் எப்படிப் பேசுவார்கள் என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். படம் எப்படித் தெரியும், சவுண்டு எப்படிக் கேட்கும் என்பதைச் சொல்ல முடியாது. அது அந்தக் கட்டடத்தில் எத்தனையாவது ஸ்கிரீன் என்பதைப் பொறுத்தது. ஒரே மால், ஒரே மாடி, ஒரே 190 ரூபாய். ஒன்றாம் ஸ்கிரீனில் லேசர் புரொஜெக்டரும் டால்பி அட்மாஸும் இருக்கும், ஐந்தாம் ஸ்கிரீனில் பழைய விளக்கு வைத்த 2கே புரொஜெக்டரும் பக்கச் சுவரில் நாலு ஸ்பீக்கரும் இருக்கும். படம் வந்த முதல் வாரம் பெரிய ஸ்கிரீனில் ஓட்டுவார்கள், இரண்டாவது வாரம் சத்தமில்லாமல் சின்ன ஸ்கிரீனுக்குத் தள்ளிவிடுவார்கள். நீங்கள் போட்ட டிக்கெட்டில் தியேட்டர் பெயர் பெரிதாகவும் ஸ்கிரீன் எண் குட்டியாகவும் இருக்கும். அந்தக் குட்டி எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய சென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. இந்த ஊரில் ஒவ்வொரு அரங்குக்கும் தனிப் பெயர் இருந்தது. 1964-இல் அண்ணா சாலையில் வந்த சஃபையரில் ப்ளூ டயமண்ட், எமரால்டு என்று இன்னும் இரண்டு. அதில் ப்ளூ டயமண்டில் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 1970-இல் வந்த தேவியில் தேவி, தேவி பாரடைஸ், தேவி பாலா, தேவி கலா என்று நான்கு. பாரடைஸுக்கு அந்த வளைந்து வளைந்து ஏறும் சாய்தளத்தில் நடந்து போனதை யாரும் மறக்க மாட்டார்கள். 1974-இல் சத்யம், சாந்தம், சுபம். அசோக் நகரில் உதயம், சந்திரன், சூரியன். அது இப்போது இல்லை. "சூரியன்ல போட்டிருக்கான், வேணாம், உதயம்ல மாத்தினதும் போலாம்" என்று பேசுவோம். எஸ்பிஐகாரர்கள் எஸ்கேப் கட்டியபோதும் ப்ளஷ், கைட்ஸ், ஸ்ட்ரீக் என்று பெயர்தான் வைத்தார்கள். மற்ற மால்களில் ஆடி 1, ஆடி 2, அதாவது ஆடிட்டோரியம் என்பதன் சுருக்கம். எண் என்று ஆனதும் எது நல்லது எது சுமார் என்ற நினைவே மக்களுக்குப் போய்விட்டது என்பது என் கட்சி.

படம் தெரிவதில் என்ன பார்க்க வேண்டும்? திரையின் வெளிச்சத்துக்கு ஓர் அளவு உண்டு, 14 ஃபுட் லாம்பர்ட் என்பார்கள். புதிதாக விளக்கு மாற்றிய அன்று அந்த அளவு வரும், பழைய புரொஜெக்டர்களில் இருக்கும் செனான் விளக்கு வயதாக ஆக மங்கிக்கொண்டே போகும், விளக்கின் விலையை நினைத்து மாற்றுவதைத் தள்ளிப்போடும் இடங்களும் உண்டு. லேசரில் இந்தத் தொல்லை குறைவு. இன்னொன்று திரையின் வடிவம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் ஸ்கோப்பில், அதாவது அகலமான சட்டத்தில் எடுக்கிறார்கள். திரையும் அதே அகலத்தில் இருந்தால் முழுதாக நிரம்பும். திரை கொஞ்சம் சதுரமாக இருந்தால் மேலேயும் கீழேயும் பட்டை விழும். முன்பெல்லாம் அந்தப் பட்டையைக் கறுப்புத் துணி வந்து மூடும், பழைய தியேட்டர்களில் படம் தொடங்கும் முன் பக்கத் திரை விலகுவதே ஓர் அழகு. இப்போது பல இடங்களில் அதைச் செய்வதில்லை, பட்டை சாம்பல் நிறத்தில் பளபளத்துக்கொண்டே இருக்கும். ஐமேக்ஸிலும் இதே கதைதான். லக்ஸிலும் பலாஸோவிலும் ஐமேக்ஸ் இருக்கிறது, அதற்கென்றே எடுத்த ஆங்கிலப் படத்துக்குக் கூடுதல் காசு கொடுத்துப் போவது நியாயம். சாதாரண ஸ்கோப் படத்தை அங்கே ஓட்டும்போது அந்த உயரமான திரையில் கொஞ்சம் உயரம் சும்மா கிடக்கிற மாதிரித்தான் எனக்குப் படுகிறது.

சொந்த அனுபவம் ஒன்று. நகரத்தில் ஒரு மால், பெயர் வேண்டாம். ஞாயிறு மதியக் காட்சி, 2டி படம். தொடங்கியதிலிருந்தே எல்லாம் புகைமண்டலத்துக்குள் நடப்பதுபோல இருந்தது. கதையில் இரவு நேரத்துச் சண்டை வந்தபோது கதாநாயகன் அடிக்கிறானா அடிவாங்குகிறானா என்றே தெரியவில்லை. கதாநாயகியின் பச்சைப் புடவை பாசி நிறத்தில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், புரொஜெக்டர் ஜன்னலில் ஒரு கதிர் வர வேண்டிய இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு கதிர். புரிந்துவிட்டது, முந்தைய காட்சி 3டி போலிருக்கிறது, அந்த லென்ஸைக் கழற்றாமலே 2டி படத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வெளிச்சத்தில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். வெளியே நின்ற பையனிடம் சொன்னேன். "சார், படமே டார்க்காத்தான் எடுத்திருக்காங்க சார்" என்றான், பாவம், அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மேனேஜரைக் கூப்பிடச் சொல்லி, அவரை உள்ளே அழைத்துவந்து ஜன்னலைக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, போனில் யாரிடமோ பேசிக்கொண்டே போய்விட்டார். இன்டர்வல் முடிந்து படம் தொடங்கியதும் திரை பளிச்சென்று இருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் என் பக்கம் சாய்ந்து, "இன்டர்வலுக்கு அப்புறம்தான் தம்பி படம் பிக்கப் ஆகுது" என்றார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது, மங்கலாகத் தெரிந்தால் இயக்குநரைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பாருங்கள், எழுந்து போய்ச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிஷத்துக்குள் சொன்னால் சரிசெய்வதற்கு நேரம் இருக்கும். இரண்டு மூன்று பேர் சொன்னால்தான் அசைவார்கள்.

சவுண்டுக்கு வருவோம். சவுண்டு புரொசசரில் ஒரு குமிழ் இருக்கும், அதில் 7 என்ற இடம்தான் தரநிலை. படத்தின் ஒலிக்கலவையைச் செய்தவர் அந்த அளவில் வைத்துத்தான் கேட்டு முடிவெடுத்திருப்பார். எனக்குத் தெரிந்த ஓர் ஆபரேட்டர் அண்ணன் தன் வாழ்நாளில் குமிழை 7-இல் வைத்து ஒரு காட்சிகூட ஓட்டியதில்லை என்பார். ஐந்து, ஐந்தரை. குடும்பத்தோடு வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிடுவார்கள், அப்புறம் பழைய ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்ற பயம் வேறு. படக்காரர்களோ தியேட்டரில் குறைத்துத்தான் வைப்பார்கள் என்று தெரிந்து கலவையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். அவர்கள் ஏற்ற, இவர்கள் குறைக்க, நடுவில் வசனம்தான் காணாமல் போகிறது. வசனம் தெளிவாகக் கேட்கும் அரங்குதான் நல்ல அரங்கு, பாஸ் அதிர்வதை வைத்து மதிப்பெண் போடாதீர்கள். அட்மாஸில் கூரையிலும் ஸ்பீக்கர் இருக்கும், 64 தனி ஸ்பீக்கர் வரைக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் வசதி அதில் உண்டு. ஆனால் அதை யார் பராமரிக்கிறார்கள் என்பது முக்கியம், தலைக்கு மேலே ஒன்று செத்துக் கிடந்தால் நமக்குத் தெரியவா போகிறது? என் காதுக்கு இன்றைக்கும் சத்யம் பெரிய அரங்கு பிடிக்கும். பழைய பாசமும் அதில் கலந்திருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

உட்காரும் இடமும் பாதி விஷயம். எல்லோரும் கடைசி வரிசைக்கு அடித்துக்கொள்வது பால்கனிக் காலத்துப் பழக்கம். திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரம் தள்ளி, நடுவில் உட்காருங்கள். கடைசி வரிசையில் பின்சுவர் ஸ்பீக்கர் காதுக்குள் கத்தும்.

தின்பண்டத்தில்தான் செயின்களுக்குள் நிஜமான வித்தியாசம். சத்யத்தில் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வைத்திருக்கும் மசாலாப் பொடிகளை நாமே தூவிக்கொள்வது ஒரு தலைமுறைக்கே பழக்கமாகிவிட்டது, அதற்காகவே மற்ற இடங்கள் பிடிக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும். விலை ஏன் இப்படி என்று கேட்டால் கணக்கு எளிது. டிக்கெட் பணத்தில் பாதியாவது விநியோகஸ்தருக்குப் போய்விடும், பெரிய நடிகர் படமென்றால் அதற்கு மேலேயும் போகும். பாப்கார்ன் பணத்தில் யாருக்கும் பங்கு இல்லை. பிவிஆர் ஐநாக்ஸின் 2023-24 கணக்கில் நாடு முழுவதும் சராசரி டிக்கெட் 259 ரூபாய், அதோடு தின்பண்டத்துக்கு ஒவ்வொருவரும் சராசரியாக 132 ரூபாய் செலவழித்திருக்கிறார்கள். நம் ஊரில் டிக்கெட்டை ஏற்ற முடியாது என்பதால் அந்தக் கோபத்தையும் பாப்கார்ன் வாளி மேல்தான் காட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தடுப்பதற்குத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. ஜிலேபி கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கையைத் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்கிற மாதிரி தலைமை நீதிபதியே கேட்டார். அதே தீர்ப்பில் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்றும் இருக்கிறது. ஆகவே தண்ணீர் எங்கே என்று கூச்சப்படாமல் கேளுங்கள். எங்காவது ஒரு மூலையில் கழிப்பறைக்குப் பக்கத்தில் ஓர் இயந்திரம் ஒளிந்துகொண்டிருக்கும்.

விளம்பரம் இன்னொரு தலைவலி. பெங்களூரில் ஒருவர், 4.05 காட்சிக்குப் போனால் 4.30-க்குத்தான் படம் போட்டார்கள் என்று வழக்குப் போட்டு, 2025 பிப்ரவரியில் நுகர்வோர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். அப்புறம் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்துவிட்டது. பொதுவாகப் பெரிய செயினில் பத்து பதினைந்து நிமிஷம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளூர்த் தியேட்டர்களில் அப்படி நம்பிப் போகாதீர்கள், எழுத்து போடுவதைத் தவற விட்டுவிடுவீர்கள்.

செயின் மட்டும்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள் என்பதற்காக இரண்டு வார்த்தை. குரோம்பேட்டை வெற்றி, வடபழனி கமலா, கோயம்பேடு ரோகிணி போன்றவை எந்தச் செயினிலும் சேராமல் தனி முதலாளிகள் கையில் இருக்கும் தியேட்டர்கள். முதல் நாள் கூட்டத்தோடு கத்திக்கொண்டு பார்க்க வேண்டிய படத்துக்கு மாலுக்குப் போவது வீண். விடியற்காலை நான்கு மணிக் காட்சியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 2023 பொங்கலுக்கு ஒரு ரசிகர் லாரியிலிருந்து விழுந்து இறந்த பிறகு அதற்கு அனுமதி கிடைப்பதில்லை, காலை ஒன்பது மணிதான். சரி, திரை என்றால் இதுதான் திரை என்று ஒருமுறை பார்க்க வேண்டுமா? மூர் மார்க்கெட்டிலிருந்து புறநகர் ரயிலேறி ஆந்திர எல்லையைத் தாண்டி சூளூர்ப்பேட்டையில் இறங்குங்கள். 2019-இல் அங்கே எபிக் என்ற வடிவத்தில் ஓர் அரங்கு திறந்தார்கள். நம்ம சென்னை கியூப் நிறுவனத்தின் தொழில்நுட்பம், 106 அடி அகலத் திரை. இவ்வளவு பெரியதை மாநகரத்தில் கட்டாமல் நெல்வயல் நடுவில் கட்டியிருக்கிறார்களே என்று முதல்முறை போனபோது சிரித்தேன். படம் தொடங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது உங்கள் கதை. தனியாகவோ நண்பர்களோடோ என்றால் வேளச்சேரி லக்ஸில் பெரிய ஸ்கிரீன், முடிந்தால் வேலைநாள் இரவு. பக்கத்தில் சட்டென்று பார்த்துவிட்டு வர துரைப்பாக்கமோ நாவலூரோ போதும். போகிற அரங்கின் எண்ணையும் அன்றைக்கு எப்படி இருந்தது என்பதையும் போனில் குறித்து வையுங்கள், ஆறு மாதத்தில் என்னைப் போன்றவர்களிடம் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது.

அம்மா அப்பாவோடு என்றால் அட்மாஸ், லேசர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வாசற்கதவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில அரங்குகளில் திரைக்குப் பக்கத்தில் நுழைந்து இருட்டில் படியேற வேண்டும், சிலவற்றில் மேலே நுழைந்து இறங்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு இரண்டுமே தொல்லை. அவர்கள் வருவதற்கு முந்தைய வாரம் நீங்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு, கதவு எந்த வரிசைக்கு நேராக வருகிறதோ அந்த வரிசையில் ஓரத்து இருக்கையாகப் போடுங்கள், அப்பா நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கும். திருவான்மியூர் தியாகராஜா போன்ற இடத்துக்குப் போனால் மாலுக்குள் நான்கு மாடி எஸ்கலேட்டரில் அம்மாவை நிறுத்திவைத்துப் பழக்க வேண்டியதில்லை. ஏசிக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எப்படியும் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள், நீங்கள் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். சோதனையில் அதை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு டோக்கன் கொடுத்தால் சண்டை போடாதீர்கள், டோக்கனைப் பத்திரமாக வையுங்கள். வெளியே போகும் வழி வேறு பக்கமாக விடுவார்கள், முறுக்கு இருக்கும் மேஜைக்கு ஒரு சுற்று சுற்றித்தான் வர வேண்டியிருக்கும்.